தென்னஞ்சாராயம்: எந்தப் போத்தல், எந்தக் கிளாஸ், எதோடு

மட்டக்களப்பில் எந்தச் சாராயக்கடைக்குப் போனாலும் கம்பிக்கு அப்பால் பொன்னிறமாக ஒரு வரிசை நிற்கும். எல்லாவற்றிலும் ‘அரக்’ என்று எழுதியிருக்கும், சிலவற்றில் தென்னை மரமும் வரைந்திருக்கும். அவற்றில் பலவற்றுக்குத் தென்னையோடு உள்ளது தூரத்து உறவுதான். இங்கே மதிப்பிடுவது அசல் தென்னஞ்சாராயத்தை. விலை கூடத்தான். ஆனால் சரியான அளவில், சரியான குளிர்ச்சியில் பரிமாறினால் அதே விலைக்கு விற்கும் வெளிநாட்டு விஸ்கிகள் பலவற்றை விட நல்லது. கோலாவில் ஊற்றித்தான் குடிப்பீர்கள் என்றால் அசலுக்குக் காசைக் கொட்டாதீர்கள். கீழ்த்தட்டில் இருப்பதே போதும், வித்தியாசம் நாக்குக்குத் தெரியப் போவதில்லை.

அசல் என்பது கள்ளை மட்டும் வடித்து எடுத்தது. விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதமாக்கி, நுனியைச் சீவி முட்டியைக் கட்டினால் வடிவது இனிப்பான நீர். முட்டிக்குள் விழுந்த நேரத்திலிருந்தே காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் (ஈஸ்ட்) வேலையைத் தொடங்கிவிடும். ஒரு நாளைக்குள் மதுசாரம் 5 முதல் 8 வீதம் வரை ஏறும். அதற்கு மேல் வைத்தால் புளித்து வினாகிரிப் பக்கம் போய்விடும். ஆகவே வடிசாலை மரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இலங்கையில் சாராயத்துக்கான கள்ளு பெரும்பாலும் களுத்துறை, வாதுவை, பயாகலைப் பக்கம் இறக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே மரத்துக்கு மரம் தும்புக் கயிறு கட்டி, இறங்காமலே அடுத்த மரத்துக்கு நடந்து போகிறார்கள். நம் பக்கத்துக் கள்ளு அன்றன்றைக்கே தவறணையில் முடிந்துவிடும். கல்லடியில் நின்று வாங்கினாலும் அசல் போத்தலுக்குள் இருப்பது பெரும்பாலும் மேற்குக் கரைத் தென்னைதான்.

கள்ளை இரண்டு தரம் வடிப்பார்கள். முதல் வடிப்பில் வருவது வலுக் குறைந்தது, கலங்கலான மணம் உடையது. இரண்டாவதில்தான் மணம் தெளியும். பிறகு மரப் பீப்பாய். இதற்குப் பேர்போன மரம் சாவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல. இதே மரத்துக்கு ஆங்கில மர வியாபாரத்தில் திருகோணமலையின் பெயரையே வைத்திருந்தார்கள். ஓக் மரம் போல வனிலா வாசனையை அள்ளிக் கொட்டாது, காரத்தை மட்டும் மெல்லத் தணிக்கும். அதனால் பழைய சாராயத்தில் முன்னுக்கு நிற்பது மரமில்லை, பூவும் கனிந்த வாழைப்பழமும் கலந்த ஒரு மணம். நிறத்தைப் பார்த்து வயதைக் கணிக்க வேண்டாம். கருக்கிய சீனி ஒரு சொட்டு விட்டால் எந்தச் சாராயமும் பழசு போலத் தெரியும்.

மற்றவை எங்கிருந்து வருகின்றன? கரும்பிலிருந்து சீனி எடுத்த பின் மிஞ்சும் கழிவுப்பாகை நொதிக்க வைத்து, உயரமான கோபுர வடியில் மணம் குணம் எல்லாம் போகும்வரை வடித்தால் நடுநிலை மதுசாரம் கிடைக்கும். நம் மாகாணத்திலேயே அம்பாறை ஹிங்குராணையில் கரும்பும் சீனித் தொழிற்சாலையும் உண்டு. 2020 ஜனவரியிலிருந்து எதனோல் இறக்குமதியை அரசு நிறுத்திய பிறகு உள்ளூர்க் கழிவுப்பாகுக்குக் கிராக்கி இன்னும் கூடியது. இந்த மதுசாரத்தில் கொஞ்சம் தென்னஞ்சாராயமும் நிறமும் சேர்த்தால் கலப்பு அரக். அது களவுமில்லை, கள்ளச் சரக்குமில்லை, சட்டப்படி விற்பதுதான். ஆனால் தென்னையின் விலையைக் கொடுத்து அதை வாங்கக் கூடாது.

ஆகவே போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் உள்ள ‘ஸ்பெஷல்’, ‘பிரீமியம்’, ‘ஓல்ட்’ எதுவும் எதனால் செய்தது என்று சொல்லாது. பின்னால் சேர்பொருள் வரியில் தென்னங்கள்ளிலிருந்து வடித்தது, 100 வீதம் என்ற பொருள்படும் வாசகம் இருக்க வேண்டும். ‘நடுநிலை மதுசாரம்’ அல்லது ‘நியூட்ரல் ஸ்பிரிட்’ என்று கண்டால் கலப்பு. ரொக்லண்ட் வடிசாலையின் ‘சிலோன் அரக்’ அசல் வகை. வெளிநாட்டுக்குப் போகும் அதன் போத்தலில் மதுசாரம் 40 வீதம். உள்ளூரில் சாதாரணமாக விற்கும் அரக்குகள் 33க்கும் 37க்கும் இடையில் நிற்கும். இந்த எண்ணையும் கவனியுங்கள். 50 மில்லிலீற்றர் ஊற்றினால் 33.5 வீதத்தில் ஏறக்குறைய 13 கிராம் மதுசாரம், 40 வீதத்தில் 16 கிராம். விமான நிலையத்தில் வாங்கி வந்த போத்தலை ஊர்ப் போத்தலின் அளவுக்கே ஊற்றிவிட்டு, ‘இது என்ன இப்படித் தூக்குது’ என்று கேட்பவர்கள் அதிகம்.

வாங்கியதை வீட்டில் சோதிக்க நல்ல வழி வெறும் கிளாஸ்தான். ஒரு தேக்கரண்டி ஊற்றி, கிளாஸின் சுவர் முழுக்க நனையச் சுழற்றிவிட்டு வெளியே ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து மணந்து பாருங்கள். அசலென்றால் பாளையின் இனிப்பும் மரமும் மெல்லத் தங்கியிருக்கும். கலப்பென்றால் கருகிய சீனி மணக்கும், அல்லது ஒன்றுமே இராது. நாக்கில் வைக்கும்போது அசல் முன்னால் இனித்து, முடிவில் வறண்டு போகும். கலப்பு தொடக்கத்திலேயே மூக்கில் ஏறி, கடைசியில் இனிப்பை உதட்டில் ஒட்டிவிட்டுப் போகும்.

மூடி முத்திரையும் கலால் திணைக்கள ஸ்டிக்கரும் கிழியாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மூடியைப் பிடித்துத் திருகும்போது வளையம் ‘கடக்’ என்று பிரிய வேண்டும், சும்மா சுழன்றால் திருப்பிக் கொடுங்கள். கசிப்பு, அதாவது களவாகக் காய்ச்சும் சாராயத்தின் பக்கம் போகவே வேண்டாம். அதில் மெதனோல் என்ற விஷ மதுசாரம் இருந்தால் மணத்தாலோ சுவையாலோ பிரித்தறிய முடியாது. எரித்துப் பார்த்து நீலச் சுடர் வந்தால் நல்லது என்பதும் பொய், மெதனோலும் நல்ல மதுசாரமும் நீலமாகவே எரியும். மெதனோல் விஷம் பலருக்கு 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தலை காட்டும். கண் மங்கல், வயிற்று வலி, வாந்தி, வேகமான மூச்சு என்று தொடங்கினால் வெறி தெளியட்டும் என்று படுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இனிப் பரிமாறுவதற்கு வருவோம். அசலை முதலில் தனியாகத்தான் சுவைக்க வேண்டும். ‘அறை வெப்பத்தில்’ என்று புத்தகங்களில் இருப்பது குளிர் நாட்டு அறைக்குச் சொன்னது. கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் நம் வீட்டு அறை 33 பாகை செல்சியஸுக்குக் குறையாது. அந்தச் சூட்டில் மதுசாரம் முந்திக் கிளம்பி மற்ற மணங்களை மறைத்துவிடும். போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வைத்தால் போதும், இருபது பாகையை ஒட்டி வந்துவிடும். பிறீசரில் வைக்காதீர்கள். கெட்டுப் போகாது, ஆனால் தடித்து, மணம் முழுக்க அடங்கிவிடும். பிறகு அசல் எது கலப்பு எது என்று யாருக்குத் தெரியும்? வாய் குறுகிய சிறு கிளாஸில் 30 மில்லிலீற்றர், அதோடு ஒரு தேக்கரண்டி குளிராத தண்ணீர். தண்ணீர் விட்டதும் பூ மணம் மேலே வரும். 40 வீதப் போத்தலென்றால் இரண்டு தேக்கரண்டி விடலாம்.

ஐஸ் போடத்தான் வேண்டுமென்றால் பெரிய கட்டியாக ஒன்று. கொதித்து ஆறிய தண்ணீரைச் சிறு எவர்சில்வர் குவளையில் உறைய வைத்தால் கிளாஸுக்கு ஏற்ற கட்டி கிடைக்கும். பையில் விற்கும் நொறுக்கு ஐஸ் ஐந்து நிமிடத்தில் கரைந்து சாராயத்தைத் தண்ணீர்ச் சாயமாக்கிவிடும்.

கலந்து குடிப்பதென்றால் முதலிடம் இஞ்சிச் சோடாவுக்கு, அதாவது ஜிஞ்சர் பியருக்கு. இலங்கை முழுக்க இதுதான் பழக்கம், பழக்கத்தில் நியாயமும் உண்டு. இஞ்சியின் காரம் தென்னையின் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கும், கோலாவின் கருகல் மணம் அதை மூடிவிடும். உயரமான கிளாஸில் ஐஸை விளிம்பு வரை நிரப்புங்கள். பாதி ஐஸ் போட்டால் சீக்கிரம் கரையும், நிறையப் போட்டால்தான் மெல்லக் கரையும். சாராயம் 50 மில்லிலீற்றர், கால் தேசிக்காயின் புளி, கடைசியாக ஜிஞ்சர் பியர் 120 முதல் 150 வரை. கரண்டியை அடி வரை விட்டு ஒரே ஒரு தரம் தூக்கிவிடுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் காஸ் போய்விடும். தேசிக்காயைத் தோல் நசுங்கப் பிழிந்தால் கசப்பு இறங்கும், அதன்பின் எவ்வளவு ஊற்றினாலும் அது போகாது. ஒன்றரை லீற்றர்ப் போத்தலை மேசையில் திறந்து வைத்து இரவு முழுக்க ஓட்டுவதும் கூடாது. கடைசி நான்கு கிளாஸுக்கு இஞ்சிச் சீனித் தண்ணீர்தான் கிடைக்கும். சிறு போத்தல்களை நன்றாகக் குளிரவைத்து ஒவ்வொன்றாகத் திறப்பதே லாபம்.

செவ்விளநீரும் நன்றாகச் சேரும். 50க்கு 120 இளநீர், விரல் நுனியில் உப்பு, சீனி வேண்டாம். இளநீரை வெட்டிய அன்றே பாவிக்க வேண்டும், மறுநாள் லேசாகப் புளித்திருந்தாலும் சாராயம் அந்தப் புளிப்பை எடுத்துக் காட்டிவிடும். விளாம்பழக் காலத்தில் ஒரு பழத்தின் சதையை 300 மில்லிலீற்றர் தண்ணீரில் பனங்கட்டியோடு கரைத்து, விதையும் நாரும் போக இரண்டு தரம் வடித்து, 50க்கு 100 சேர்க்கலாம். தடிப்பான பானம், ஒரு கிளாஸுக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

விருந்தினருக்குச் செய்து வைக்க வேண்டுமென்றால் பால் பஞ்ச். பால் என்றதும் வெள்ளையாக நினைக்க வேண்டாம். பாலைத் திரைய வைத்து வடித்த பின் கிடைப்பது தேன் நிறத்தில் தெளிந்த, மிருதுவான இனிப்பு மது. அரக்கில் செய்த பஞ்ச் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெயர் பெற்றிருந்தது, பாலால் தெளியவைக்கும் முறையும் அந்தக் காலத்ததுதான். நமக்கு இதில் உள்ள வசதி, தேவையானது எல்லாம் ஊரிலேயே கிடைப்பது.

அரைப் போத்தல், அதாவது 375 மில்லிலீற்றர் சாராயத்தில் இரண்டு தேசிக்காயின் பச்சைத் தோலை, உள்ளே உள்ள வெள்ளை ஒட்டாமல் மெல்லியதாகச் சீவிப் போட்டு ஓர் இரவு மூடி வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் கசக்கும். மறுநாள் தோலை எடுத்துவிட்டு, 200 மில்லிலீற்றர் கொதிநீரில் நான்கு தேக்கரண்டித் தேயிலையை நான்கு நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். அந்தச் சூட்டிலேயே 120 கிராம் சீனி, ஒரு அங்குலக் கறுவா, தட்டிய ஏலக்காய் மூன்று, துருவிய சாதிக்காய் ஒரு சிட்டிகை போட்டுக் கரைத்து ஆறவிடுங்கள். ஆறிய பின் சாராயமும் 75 மில்லிலீற்றர் தேசிப்புளியும் சேர்த்து, மசாலாவை அரித்து எடுத்துவிடுங்கள். இந்த நிலையில் சுவைத்தால் புளிப்பும் துவர்ப்பும் முகத்தைச் சுளிக்க வைக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது 200 மில்லிலீற்றர் பசும்பாலைக் காய்ச்சி, கொதி அடங்கியதும் அகன்ற பாத்திரத்தில் ஊற்றுங்கள். கலவையைப் பாலுக்குள் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். பாலைக் கலவைக்குள் ஊற்றினால் மொத்தப் புளிப்பும் ஒரேயடியாகத் தாக்கிப் பால் பொடிப் பொடியாகத் திரையும். அந்தப் பொடி துணியை அடைக்கும், வடிப்பும் கலங்கும். சரியாக ஊற்றினால் பெரிய மிருதுவான கட்டிகள் உருண்டு வரும். ஒரே ஒரு தரம் மெல்லத் தள்ளிவிட்டு, ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். பால் திரையும்போது அதன் கேசீன் புரதம் தேயிலையின் துவர்ப்பையும் சாராயத்தின் முரட்டுத்தனத்தையும் பற்றிக்கொண்டு கட்டியோடு வெளியேறுகிறது. முறையின் உயிர் இதுதான்.

வடிப்பதற்கு நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை நனைத்து அரிதட்டில் விரியுங்கள். முதலில் கட்டிகளை ஊற்றினால் அவையே இரண்டாவது வடிகட்டியாகப் படியும். முதல் ஒரு கோப்பை மங்கலாக வரும், அதைத் திரும்ப மேலே ஊற்ற வேண்டும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தெளிந்து இறங்கும். சில மணி நேரம் எடுக்கும். பொறுமை கெட்டுத் துணியை முறுக்கிப் பிழிந்தால் பிடித்து வைத்த எல்லாம் உள்ளே வந்து, அத்தனை வேலையும் வீண். நன்றாகத் திரையாமல் பால்வெள்ளையாகவே நின்றால் புளி போதவில்லை. இன்னும் 10 மில்லிலீற்றர் விட்டு அரை மணி நேரம் பாருங்கள்.

பால்மா கரைத்துச் செய்ய வேண்டாம். பாலைப் பொடியாக்கும் சூட்டில் புரதத்தின் குணம் மாறிவிடுவதால் திரை நுண்ணியதாகி, துணியில் நிற்காது. நீண்டநாள் தாங்கும் பக்கெட் பாலிலும் ஏறக்குறைய இதே கதைதான். எருமைப்பால் தாராளமாகக் கிடைக்கும் ஊர் என்பதால் அதைப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆடையை முழுக்க எடுத்துவிட வேண்டும். கொழுப்பு மிகுந்த பால் என்பதால், எடுக்காவிட்டால் மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். எருமைப்பாலைத் தயிருக்கு விட்டுவிட்டு, இதற்குப் பசும்பாலை எடுப்பதே நல்லது.

கிடைப்பது 750 மில்லிலீற்றரை ஒட்டி வரும், மதுசாரம் ஏறக்குறைய 16 வீதம். கொதிநீரில் கழுவிக் காயவைத்த போத்தலில் குளிர்சாதனப் பெட்டிக்குள் இரண்டு மாதம் தாங்கும். நாள் போக அடியில் மெல்லிய படிவு தெரிந்தால் மேலாக ஊற்றிக்கொள்ளலாம். ஒருவருக்கு 60 மில்லிலீற்றர், ஒரு பெரிய ஐஸ் கட்டி, வேறொன்றும் வேண்டாம். குடிக்க மிருதுவாக இருப்பதால் வலு தெரியாது, பரிமாறுபவர்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும். இதற்கு மிகப் பழைய, விலையுயர்ந்த போத்தலைப் பலி கொடுக்கத் தேவையில்லை. நீங்கள் கொடுத்த காசுக்குரிய மரவாசனையில் ஒரு பங்கு பால்கட்டியோடு போய்விடும். அசல்தான், ஆனால் இளசானது போதும்.

கடித்துக்கொள்ள வாவி றாலை விடச் சிறந்தது இல்லை. உரித்த றால் கால் கிலோவுக்கு உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி கொச்சிக்காய்த் தூள். கால் மணி நேரம் ஊறவிட்டு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம். அதற்கு மேல் நின்றால் றப்பராகிவிடும். கணவாய்ப் பிரட்டல், உப்பும் கொச்சிக்காய்த் தூளும் தடவிய மாங்காய், வறுத்த கஜு எல்லாம் பொருந்தும். பொருந்தாதது தக்காளிச் சோஸ் ஊற்றிய இனிப்பு ‘டெவல்’. இனிப்போடு இனிப்பு மோதி இரண்டும் சப்பென்று போகும்.

திறந்த போத்தலை நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நம் சூட்டில் பாதிக்குக் கீழ் இறங்கிய போத்தலின் மணம் சில மாதத்தில் மங்கத் தொடங்கும். வெறும் அரைப் போத்தலுக்கு மாற்றிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. போத்தலுக்குள் இருப்பது வயதாகி மெருகேறும் என்று பத்து வருடம் அலுமாரியில் பூட்டி வைப்பதில் பயனில்லை, மரத்தை விட்டு இறங்கிய அன்றோடு வயது நின்றுவிட்டது. பௌர்ணமியான போயா தினத்தில் கடைகள் மூடியிருக்கும், விருந்து அன்றென்றால் முதல் நாளே வாங்க வேண்டும். 21 வயதுக்குக் கீழே விற்க மாட்டார்கள்.

பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல்களில் கேட்கும்போது ‘அரக்’ என்று மட்டும் சொன்னால் கைக்கு எட்டும் கலப்புதான் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள், போத்தலை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், 25தா 50தா என்பதையும் முன்னமே பேசிவிடுங்கள். விலைப்பட்டியலில் உள்ள தொகைக்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் ஏறுமா என்று கேட்டு வைப்பது நல்லது. ஜிஞ்சர் பியரைத் திறக்காமல் தனியாகக் கொண்டுவரச் சொல்லி நீங்களே ஊற்றுங்கள். கலந்து வரும் கிளாஸில் எவ்வளவு சாராயம் இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. திரும்பும்போது வாகனம் ஓட்டுபவர் இஞ்சிச் சோடாவை மட்டும் குடிக்கட்டும்.